ஓடிக்கொண்டிருந்த பூமியை நிறுத்திய பிற்பகல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

துறைமுகக் கருவிப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதேனும் எழுதித் தருமாறு உங்கள் மேற்பார்வையாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். ஒரு கருவியைப் பிரிப்பது எப்படி, மாட்டுவது எப்படி என்பதை நீங்கள் முறையாகப் படித்து வந்திருக்கிறீர்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தாமிரபரணிக் கரையின் வயற்காட்டுக் குடும்பம் ஒன்றில் பிறந்து, பிழைப்புக்காகத் தூத்துக்குடி வந்தேன். என் எழுத்துத் தமிழ் பொது நூலகத்தில் கற்றது. ஆங்கிலம், கடிகாரப் பெட்டிகளோடு வந்த கையேடுகளில் கற்றது. எனவே நடையில் குறையிருப்பின் பொறுத்தருள வேண்டும். பல சம்பவங்களைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கவர விரும்பவில்லை. என் கையால் நேர்ந்த ஒரு பிழையையும், அதனால் ஓர் ஆசிரியையின் வேலைக்கு வந்த ஆபத்தையும் மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

எழுபதுகளில் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு சிறு பட்டறையில் நான் வேலை பார்த்தேன். கப்பல்களிலிருந்து குரோனோமீட்டர்கள் எங்களிடம் வரும். கிழக்கிலோ மேற்கிலோ தான் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறது என்பதைக் கப்பல் கணக்கிடுவதற்கு உதவும் கடிகாரம் அது. அதைப் பற்றிய முதல் விதி உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதன் முள்ளைத் திருத்தி வைக்கக் கூடாது. நாளொன்றுக்கு இரண்டு விநாடி பிந்துகிறதா, பிந்தட்டும். வானொலியின் மணிக்குறியோடு ஒப்பிட்டு, எவ்வளவு பிந்தியது என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் எழுதிவிட்டால் போதும். அதைப் பிழை அட்டை என்று சொல்வோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒரு சரக்குக் கப்பலின் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தியிருப்பதைக் கண்டு, ஓர் உபகாரமாக முள்ளைச் சரியான நேரத்துக்கு நகர்த்தி வைத்தேன். பெட்டியை வாங்கிச் செல்ல வந்த கப்பல் அதிகாரி அட்டையைப் பார்த்தார், முகப்பைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் போன பிறகு எங்கள் முதலாளிதான் சொன்னார்.

“ஏலே, அது தப்பா ஓடுனாலும் பத்து மாசமா ஒரே மாதிரி தப்பா ஓடிட்டு இருந்துச்சு. இப்ப அத எத வச்சுல நம்புவான் அந்த மனுசன்?”

அன்றைக்கு நான் மனத்தில் ஒன்றை எழுதிக்கொண்டேன். ஓடுகிற கடிகாரத்தைத் தொடாதே, அதன் பிழையை எழுது, அதோடு விலகி நில். அந்த விதி பல ஆண்டுகள் என்னைக் காப்பாற்றியது. பிறகு ஒரு நாள் அதுவே என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஓர் ஆடி மாதம், சோளகக் காற்று உப்பளங்களின் மேல் புரண்டு ஊருக்குள் வந்துகொண்டிருந்தபோது, கிரேஸ் டீச்சர் ஒரு மரப்பெட்டியைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். நாசரேத்திலிருந்து வந்து இங்கே பெண்கள் பள்ளியொன்றில் பௌதிகம் கற்பித்தவர். ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த ஒரு வெளிநாட்டு விண்வெளிக் கண்காட்சியை, பலமுறை கடிதம் எழுதி, தம் பள்ளியின் கூடத்துக்கு வரவழைத்தவரும் அவரே. முதன்முதலில் மனிதரை ஏற்றிச் சென்ற விண்கலங்களில் ஓட்டுநருக்கு எதிரே இருந்த கருவிப் பலகையின் நகல் அந்தப் பெட்டியில் இருந்தது. பயிற்சிக்காகச் செய்யப்பட்டது. வானத்துக்குப் போனதில்லை, ஆனால் போனவர்கள் அதன் முன் உட்கார்ந்து பழகியிருக்கிறார்கள். லாரியில் வரும்போது கயத்தாறு தாண்டிய குண்டும் குழியுமான சாலையில் குலுங்கி, ஓட்டம் நின்றுபோயிருந்தது. கருவியோடு வரவேண்டிய வெளிநாட்டு மெக்கானிக் காய்ச்சலில் விழுந்து மதுரையிலேயே தங்கிவிட்டார்.

“ஏலே, வானத்துல இருந்தே வேல வருது நம்ம கடைக்கு,” என்று முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. வந்த நிலையிலேயே திருப்பித் தருவதாகத் தாம் கையெழுத்திட்டிருப்பதாகவும், பள்ளி நிர்வாகம் முதலிலேயே இதெல்லாம் வேண்டாத வேலை என்று எச்சரித்திருப்பதாகவும் சொன்னார். கருவிக்கு ஏதேனும் நேர்ந்தால் அவருக்கு அந்தப் பள்ளியில் இடமில்லை. வீட்டில் அவருடைய சம்பளம் ஒன்றுதான் வருமானம் என்பதை ஊரே அறியும்.

பலகையை என் மேசைமேல் வைத்துக் கண்ணாடியைத் துடைத்தபோது நான் கண்டதை இன்றும் கண்ணை மூடினால் காண்கிறேன். நடுவில் உரித்த தேங்காய் அளவில் ஒரு பூமி உருண்டை. நீலக் கடலும் பழுப்பு நிலமும் மையால் வரைந்தாற்போல் அதில் இருந்தன. அதன்மேல் கண்ணாடியில் சிலுவைபோல் ஒரு சிறு குறி. உருண்டை மெல்லச் சுழல, குறிக்குக் கீழே எந்த இடம் வருகிறதோ, அந்த இடத்துக்கு மேலேதான் கலம் பறந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இன்னொரு விசையைத் தள்ளினால், இப்போது இறங்கத் தொடங்கினால் எங்கே போய் விழுவாய் என்பதைக் காட்டும். கலத்துக்குள் இந்த உருண்டையை மின்துடிப்பு ஓட்டுமாம். இந்தப் பயிற்சிப் பலகையில் சாவி கொடுக்கும் ஒரு கடிகாரமே ஓட்டியது.

என்னைத் திகைக்க வைத்தது வேறு. அந்தக் கருவிக்குக் கண் இல்லை. அது வெளியே எதையும் பார்ப்பதில்லை. புறப்படும்போது சொல்லப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, மணியை எண்ணி, “இந்நேரம் நீ இங்கே இருப்பாய்” என்று சொல்கிறது, அவ்வளவே. சன்னல் வழியே பார்த்து, அது தவறென்றால் குமிழைத் திருகி உருண்டையைச் சரிசெய்ய வேண்டியவர் உள்ளே இருக்கும் மனிதர். ஆகாயத்துக்குப் போகும் கருவியும் ஒரு குரோனோமீட்டர்தான் என்று தெரிந்தபோது, ஒரு சொந்தக்காரரைத் தூர தேசத்தில் கண்டதுபோல் இருந்தது.

பழுது மிகச் சிறியது. குலுக்கலில் ஒரு திருகாணி கழன்றிருந்தது. அதை முடுக்கியதும் ஓடத் தொடங்கிவிட்டது. ஐயா, அம்மையீர், நான் அத்தோடு மூடியிருக்க வேண்டும். ஆனால் உள்ளே எண்ணெய்ப் பசையே இல்லை. சக்கரப் பற்களிலெல்லாம் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று மெல்லியதாகப் படிந்திருந்தது. உப்பள அலுவலகங்களிலிருந்து என்னிடம் வரும் கடிகாரங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும். உப்பும் தூசியும் ஈரமும் சேர்ந்து சாம்பலாகப் படியும். இந்த ஊரில் இருபது வருடம் வேலை செய்த எவனும் அதை அழுக்கு என்றுதான் சொல்வான். எனக்கு வெளிநாட்டார்மேல் கொஞ்சம் ஏளனமும் வந்தது. இவ்வளவு தூரம் போகிற கருவியை இப்படியா வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பெட்ரோலில் தூரிகையை நனைத்து, உலோகம் பளபளக்கும் வரை ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். பிறகு எங்களிடம் இருந்தவற்றுள் மிக உயர்ந்த எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வைத்தேன்.

அது ஓடிய அழகைச் சொல்ல வேண்டும். அன்று மாலை பட்டறையில் எல்லோரும் அதன் முன் உட்கார்ந்திருந்தோம். குறிக்குக் கீழே ஆப்பிரிக்காவின் கரை நழுவிப் போனது. கடல் வந்தது. வெகுநேரம் கடலே வந்துகொண்டிருந்தது. பிறகு இலங்கை வந்தது, அதன் தோளருகே நாங்கள் உட்கார்ந்திருந்த கரை ஒரு மயிரிழையாக வந்தது. கொழும்புக்குத் தோணியில் நாள்கணக்கில் போய்ப் பழகிய எங்கள் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் கரையை விட்டு மலாக்காவைக் குறி தொடும்போது ஆறு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கண்காட்சியின் முதல் நாள் கூட்டம் பள்ளி வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. இரண்டாம் நாள் காலை சாவி கொடுக்கப் போனபோது, என் வழக்கப்படி வானொலியோடு சரிபார்த்த கடிகாரத்தை எடுத்துப் போயிருந்தேன். பலகைக் கடிகாரம் இருபது விநாடி பிந்தியிருந்தது. ஓர் அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் செருகினேன். பதினோரு மணிக்கு ஒரு நிமிடம். அதையும் எழுதினேன். நண்பகலில் மூன்று நிமிடம். அதை எழுதும்போதுதான் என் கை நின்றது. ஒரே அளவில் பிந்துகிற கடிகாரம் நம்பத்தக்கது. பிந்துவது பெருகிக்கொண்டே போனால் அது நோய். ஒரு நோயாளியின் காய்ச்சலை நான் அழகான கையெழுத்தில் குறித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்குக் கூடத்தைச் சாப்பாட்டுக்காகச் சாத்தினார்கள். மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். பலகையின் பின்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். எண்ணெய் கறுத்திருந்தது. திறந்த சன்னல்கள் வழியே காற்று கொண்டுவந்த தூசி அதில் ஒட்டிக் களிம்பாகி, பற்களின் விளிம்பைத் தின்னத் தொடங்கியிருந்தது. உலோகத் துகள் மின்னியது. தூரிகை எட்டாத ஒரு மூலையில், நான் துடைக்காமல் விட்ட ஒரே ஒரு சக்கரம் இருந்தது. அதில் அந்தச் சாம்பல் அப்படியே இருந்தது. அதன் பற்கள் புதிது போலிருந்தன. அந்தச் சாம்பல் அழுக்கன்று, எண்ணெய்க்குப் பதிலாக யாரோ ஒருவர் அக்கறையோடு பூசியது என்று அப்போதுதான் விளங்கியது.

கூடத்தின் பின்படியில் வந்து உட்கார்ந்தேன். கணக்கு எளிது. கண்காட்சிக்கு இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. கடிகாரம் எப்படியும் இரண்டு நாள் ஓடும். நான்கு மணிக்குத் திருநெல்வேலிக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். ஓடட்டும், ஓடுகிற நிலையிலேயே திருப்பி அனுப்பலாம், பிறகு எந்த ஊரில் பல் உடைந்தால் யாருக்குத் தெரியும்? தொடாதே என்று என் தொழிலே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறதே என்றும் ஒரு குரல் உள்ளே சொன்னது.

படியில் எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்திருந்தார். இன்னாசி அண்ணாச்சி. கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர், இளவயதில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பான சலாபத்திலும் மூழ்கியவர். அவருடைய சுவர்க்கடிகாரத்தை நான் பார்த்துக் கொடுத்த பழக்கம் உண்டு. கண்காட்சி மூன்று மணிக்குத் திறக்கும் வரை நிழலில் காத்திருந்தார். முந்தின நாளே ஒருமுறை பார்த்துவிட்டுப் போனவர்.

“அந்தக் கூண்டுக்குள்ள இருக்கவனுக்கு எம்புட்டு நேரத்துக்கு மூச்சு இருக்கும்யா?” என்று கேட்டார்.

கணக்காகக் கொடுத்து அனுப்புவார்கள் என்றும், அந்தக் கடிகாரம் அதற்கும் சேர்த்துத்தான் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், தோணியில் கயிறு பிடிக்கிற தம் மைத்துனரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கீழே கிடப்பவர் கயிற்றை அசைத்தால்தான் இழுப்பது வழக்கம். ஒருமுறை இவர் அசைக்கும் முன்பே மைத்துனர் இழுத்துவிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் நாலு நல்ல சங்கு கிடந்ததாம். மேலே வந்ததும் மைத்துனரை அடிக்கப் போனாராம். அடிக்கக் கையை ஓங்கியவர் அப்படியே தோணியில் மயங்கி விழுந்தாராம்.

“மூச்சு முட்டுனா நமக்கே தெரியும்யா, மேல வந்துரலாம். அந்த முட்டலும் தாண்டிட்டா ஒண்ணும் தெரியாது. சொகமா இருக்கும். பாட்டுக்கூட கேக்கும். நல்லா இருக்கும்போதுதாம்யா இழுக்கணும். அதுக்குத்தான் மேல ஒருத்தன் இருக்கான்.”

நான் எழுந்து உள்ளே போனேன். ஒரு மெல்லிய காகிதத் துண்டை மடித்து, கடிகாரத்துக்குள் முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் செருகினேன். பூமி நின்றது. குறி அப்போது வெறும் கடலின்மேல் இருந்தது. நிறுத்திய பிறகுதான் டீச்சரைத் தேடிப் போனேன். முதலில் அவரிடம் சொல்லியிருந்தால் நிறுத்தும் பொறுப்பை அவர் தலையில் வைத்ததாகியிருக்கும்.

கிரேஸ் டீச்சர் கரும்பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கவில்லை.

“துடைக்கிறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அண்ணாச்சி.”

“கேட்டிருக்கணும் டீச்சர்.”

“நிறுத்தாம விட்டா எத்தன நாள் ஓடும்?”

“ரெண்டு நாள்.”

“கண்காட்சி நாளைக்கு முடிஞ்சிரும்.”

“ஆமா டீச்சர்.”

அவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்து, கையைத் தட்டிப் பொடியை உதறினார். அந்தக் குமிழைத் திருகினால் உருண்டை தனியாகச் சுழலுமா, பற்களுக்கு அதனால் சேதம் உண்டா என்று கேட்டார். குமிழுக்குத் தனிப் பாதை, அதில் நான் துடைத்த சக்கரங்கள் இல்லை, நான் துடைக்காத அந்த ஒரு சக்கரம் அங்கேதான் இருக்கிறது என்றேன்.

“அப்போ பிள்ளைங்க கையாலேயே சுத்தட்டும்,” என்றார்.

பிறகு ஒரு புதிய பிழை அட்டையை எடுத்து எழுதினேன். சாம்பல் பூச்சை அழுக்கென்று எண்ணி, யாரையும் கேளாமல் துடைத்து எண்ணெய் இட்டவன் இன்னான். இரண்டாம் நாள் நண்பகலில் மூன்று நிமிடம் பிந்தியது. பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு நிறுத்தினேன். இதில் டீச்சருடைய குற்றம் ஒன்றுமில்லை. இவ்வளவையும் டீச்சர் படித்துப் பார்த்தார். கடைசி வரியை மட்டும் ஒரே கோடாக அடித்தார். வாங்கியதற்குக் கையெழுத்திட்டவர் தாம்தான் என்று எழுதி, கீழே தம் பெயரை எழுதினார். அட்டையின் மற்றப் பாதியில் ஆங்கிலத்திலும் எழுதினார்.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்தபோது, கருவி பழுதாகி நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதை அவரே உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, ஒவ்வொருவரும் வந்து பூமியை ஒரு சுற்றுச் சுற்றலாம் என்றார். முதல் நாள் எட்ட நின்று பார்த்தவர்கள் இப்போது கையை வேட்டியிலும் சேலையிலும் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். உப்பளத்தில் வெடித்த விரல்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்த விரல்கள், மருதாணி இட்ட விரல்கள். கலம் பூமியைச் சுற்றும் தொண்ணூறு நிமிடத்தில் ஆகவேண்டிய பகலும் இரவும் ஒரு நிமிடத்தில் ஆயின. அதிகாரி வந்தார். நின்றுபோனதேன் என்று கேட்டார். டீச்சர் அட்டையை நீட்டினார். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், பிறகு தாமும் வரிசையில் நின்றார்.

இன்னாசி அண்ணாச்சி கடைசியில் வந்தார். குமிழை மெதுவாகத் திருகி நம் கடலைக் குறிக்குக் கீழே கொண்டுவந்தார். கண்ணாடியின்மேல் பெருவிரலை வைத்தார். நம் கரை, இலங்கைக் கரை, இடையிலிருந்த கடல் எல்லாம் மறைந்தன.

“இதுல நம்ம முத்துப்பாரு எங்கன இருக்கு?”

முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டைக் கேட்டார். அவ்வளவு சிறியதை இதில் குறிக்க முடியாது, விரலுக்கு அடியில்தான் எங்கோ இருக்கிறது என்றேன். அவர் விரலை எடுக்கவில்லை. அவர் நெஞ்சு அசையாதிருப்பதை அப்போது கவனித்தேன். மூச்சைப் பிடித்திருந்தார். அந்த விரலுக்கு அடியில் அவர் எவ்வளவு ஆழம் இறங்கினாரோ எனக்குத் தெரியாது. நெடுநேரம் கழித்து மூச்சை விட்டார், விரலை எடுத்தார். நீலக் கடல் அப்படியே இருந்தது.

மாதம் ஒன்று கழிந்து டீச்சரைத் திருநெல்வேலிக் கல்வி அலுவலகத்துக்கு விசாரணைக்கு அழைத்தார்கள். நானும் உடன் போனேன். காய்ச்சல் நீங்கிய அந்த வெளிநாட்டு மெக்கானிக் அங்கே இருந்தார். என் வயதுதான் இருக்கும், நகக்கண்ணில் என்னைப் போலவே கறுப்பு. பலகையைத் தாம் பிரித்துப் பார்த்ததாக மொழிபெயர்ப்பாளர் வாயிலாகச் சொன்னார். மூன்று சக்கரங்களில் கீறல் விழுந்திருக்கிறது, எதுவும் போய்விடவில்லை, இன்னொரு நாள் ஓடியிருந்தால் பற்கள் போயிருக்கும், மாற்றுச் சக்கரம் இந்த நாட்டில் கிடைத்திராது. இவ்வளவும் சொல்லிவிட்டு, டீச்சர் கையெழுத்திட்ட ரசீதை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். டீச்சர் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஓய்வு பெறும்வரை அதே பள்ளியில் பௌதிகம் கற்பித்தார்.

மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். என் வலது கையைப் பிடித்து, பெருவிரலின் மேல் அதிலிருந்த சாம்பல் பொடியைக் கொஞ்சம் தேய்த்தார். பட்டுப்போல் வழுக்கியது. பிறகு எங்கள் பிழை அட்டையைப் பெட்டிக்குள் செருகி மூடினார். சோப்புப் போட்டும் அந்தச் சாம்பல் மூன்று நாள் என் விரலை விட்டுப் போகவில்லை. நானும் அழுத்தித் தேய்க்கவில்லை.

உங்கள் மேசைக்கும் ஒரு நாள் நீங்கள் அறியாத ஒரு கருவி வரும். அதில் உங்களுக்கு அழுக்காகத் தோன்றுவதைத் துடைக்கும் முன் கேளுங்கள். கேட்க ஆளில்லையென்றால் திருகாணியை முடுக்குவதோடு விட்டுவிடுங்கள். அதையும் மீறித் துடைத்துவிட்டீர்களென்றால், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள்.

நான் எழுதிய அட்டை எந்த ஊரில் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறதோ அறியேன். அதன் நகல் என்னிடம் இல்லை. ஆகையால் இந்தக் குறிப்பை உங்கள் பட்டறையில், கடிகாரப் பெட்டிகளின் அட்டைகளை வைக்கும் அதே இழுப்பறையில், பத்திரமாக வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.